செம்மறித்தோல் விரிப்பைக் கொழும்பு வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

வெள்ளவத்தைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மெல்பேர்ணில் வசிக்கும் என் தங்கை அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறாள். வரும்போது எங்கள் வீட்டுக்கென இயற்கையான செம்மறியாட்டுத் தோல் விரிப்புகள் இரண்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய வீட்டில் சாய்மனைக் கதிரையின் மேலும் கட்டிலின் அருகிலும் அவை விரிக்கப்பட்டிருப்பதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது உண்மைதான். ஆனால் அங்குள்ள வறண்ட குளிர் காற்றில் நன்றாக இருக்கும் ஒரு பொருள் இங்கே எத்தனை மழைக்காலத்தைத் தாங்கும் என்ற தயக்கம் இப்போது ஏற்பட்டிருக்கிறது.

நாங்கள் இருப்பது காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடி வீட்டில். சன்னலைத் திறந்தால் உப்புக்காற்று நேராக உள்ளே வரும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அலுமாரிக்குள் இருக்கும் தோற்பைகளிலும் சப்பாத்துகளிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்துவிடுகிறது. தரை முழுவதும் டைல்ஸ். தினமும் ஈரத்துணியால் துடைப்போம். படுக்கையறை ஒன்றில் மாத்திரம் குளிரூட்டி உண்டு.

இன்னும் இரண்டு காரணங்களுக்காகவும் கேட்கிறேன். என் அம்மா பெரும்பாலான நேரத்தைக் கட்டிலிலேயே கழிக்கிறார். இடுப்பின் பின்புறத்தில் தோல் சிவந்து காணப்படுவதால், இப்படியான விரிப்பு அவருக்கு உதவும் என்று தங்கை சொல்கிறாள். மகளுக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது; குழந்தையை அதன் மேல் கிடத்தலாமா என்று மகள் கேட்கிறாள். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள். எந்த வகையை வாங்கச் சொல்வது என்பதைத் தங்கை கடைக்குப் போவதற்கு முன்பே அவளுக்கு அறிவிக்க வேண்டும்.

பதனிடும்தொழில் எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் பல ஆண்டுகள் தமிழ்நாட்டில் இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு, இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒரே விடயத்தில்தான் இருக்கிறது: அந்தத் தோல் எதைக் கொண்டு பதனிடப்பட்டது என்பதே அது. உரோமத்தின் நீளம், நிறம், எந்த நாட்டு ஆடு என்பவற்றையெல்லாம் கடைக்காரர் விரிவாகச் சொல்வார். பதனிட்ட முறையை நாம் கேட்டால்தான் சொல்வார்.

உரோமமும் தோலும் இரண்டு வெவ்வேறு பொருட்கள். உரோமம் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னரும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது, காற்றுப் பட்டால் அந்த ஈரத்தைத் திரும்ப விட்டுவிடும். ஆகவே கொழும்பின் காற்றால் உரோமத்துக்குப் பெரிய கேடில்லை. கவலைப்பட வேண்டியது அடியிலுள்ள தோலைப் பற்றித்தான். அது கொலாஜன் என்னும் புரதம். சரியாகப் பதனிடாவிட்டால் ஈரத்தில் அழுகும், வெப்பத்தில் சுருங்கும், காய்ந்தால் அப்பளம்போல் விறைத்து வெடிக்கும்.

விற்பனைக்கு வருபவற்றில் நான்கு வகையான பதனிடலைக் காணலாம். பழைய முறை படிகாரம். தோலை அது மிக வெண்மையாகவும் மென்மையாகவும் ஆக்கும். பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். ஆனால் படிகாரம் தோலோடு உறுதியாகப் பிணைவதில்லை. தண்ணீரில் நனைத்துத் துவைத்தால் அது கழன்று வெளியே வந்துவிடும். பிறகு கையில் மிஞ்சுவது பச்சைத்தோலுக்குச் சற்று மேலான ஒன்றுதான். நம்முடைய காலநிலைக்கு இந்த வகையை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்தது மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்புச் சாற்றால் பதனிடுவது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் நெடுங்காலமாக இந்த வேலைக்குப் பயன்பட்டன. தோல் பழுப்பு நிறமாகவும் சற்றுக் கனமாகவும் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தாங்கும், ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்காது.

மூன்றாவது குரோமியம். இன்று உலகில் மிக அதிகமாகக் கையாளப்படும் முறை இதுதான். வெப்பத்தையும் நீரையும் நன்றாகத் தாங்கும். நன்கு பதனிட்டால் கொதிநீரில்கூடச் சுருங்காது. இதில் பயன்படுவது மூவலுக் குரோமியம் என்ற தீங்கு குறைந்த வடிவம். அது தரக்குறைவான வேலையில் அறுவலுக் குரோமியமாக மாறினால் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் உடலில் படும் தோற்பொருட்களில் அதன் அளவு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாதென்று 2015 மே மாதத்திலிருந்து கட்டுப்படுத்தியிருக்கிறது. நான்காவது குளுத்தரால்டிகைட்டு என்னும் இரசாயனம். அவுஸ்திரேலியாவில் நோயாளிகளுக்கெனச் செய்யப்படும் தோல் விரிப்புகளுக்கு இம்முறை பயன்படுகிறது. வியர்வைக்கும் சிறுநீருக்கும் ஈடுகொடுக்கும், அடிக்கடி துவைக்கலாம். உரோமத்துக்கு அது ஒரு மங்கலான மஞ்சள் நிறத்தைக் கொடுக்கும் என்பதால் அழகை விரும்புபவர்கள் தயங்குவார்கள்.

தங்கை கடையில் நிற்கும்போது விரிப்பைப் புரட்டி ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பு நீலச்சாம்பலாக இருந்தால் குரோமியம். பழுப்பாக இருந்தால் துவர்ப்பட்டை. தூய வெள்ளையாக இருந்து, துவைக்கக் கூடாது என்ற குறிப்பும் இருந்தால் பெரும்பாலும் படிகாரம். புரட்டிப் பார்க்கும்போது தோலே இல்லாமல் நெய்த துணி இருந்தால் அது செயற்கை இழையாக இருக்கலாம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஓரிரு மயிரைப் பிடுங்கிக் கொளுத்தினால் போதும். உண்மையான உரோமம் தலைமயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

உங்கள் வீட்டுத் தரைக்குக் குரோமியத்தால் பதனிட்டதை வாங்கச் சொல்லுங்கள். அம்மாவின் கட்டிலுக்கு வேண்டியது வேறு வகை. அதை மருத்துவத்துறை சார்ந்தவர்கள் எழுதினால் நன்று.

முன்னாள்தாதி எழுதியது:

அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். அதனால் விரிப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். சிவந்திருக்கும் இடத்தை விரலால் சில வினாடிகள் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளிறி, பிறகு மீண்டும் சிவந்தால் இரத்தவோட்டம் இருக்கிறது. அழுத்திய பின்னரும் சிவப்பு மாறாமல் அப்படியே நின்றால் அது படுக்கைப் புண்ணின் முதற்கட்டம்; தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மாவின் நிறம் கருமையானால் சிவப்பு தெளிவாகத் தெரியாது; சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

தங்கை சொல்வதில் உண்மை இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் நோயாளிகளிடையே நடத்தப்பட்ட கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளில், இயற்கையான மருத்துவச் செம்மறித்தோலில் படுத்தவர்களுக்குப் படுக்கைப் புண் குறைவாகவே உண்டானது. மெரினோ என்னும் கம்பளி ஆட்டினத்தின் அடர்ந்த உரோமம் உடலின் பாரத்தைப் பரவலாகத் தாங்குகிறது, தோலுக்கும் படுக்கைக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கிறது, வியர்வையை உறிஞ்சித் தோலை உலர்வாக வைத்திருக்கிறது. நம் ஊரில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மெழுகுசீலையின் மேல் படுத்திருக்கும் முதியவரின் முதுகு எப்படி நனைந்து கிடக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவது பயனின் அருமை புரியும்.

ஆனால் அலங்காரத்துக்கு விற்கப்படும் நீண்ட உரோம விரிப்பு இதற்கு உதவாது. மருத்துவச் செம்மறித்தோலுக்கு அவுஸ்திரேலியாவில் ஏஎஸ் 4480 என்ற தனித் தரநியமம் இருக்கிறது. அதற்கு அமைந்ததா என்று தங்கை விசாரிக்கட்டும். அதன் உரோமம் அடர்த்தியாகவும் ஒரே உயரமாகவும் கத்தரிக்கப்பட்டிருக்கும், அதிக சூட்டு நீரில் துவைக்கலாம். செயற்கை இழையில் செய்து இதே தோற்றத்தில் விற்கப்படுபவை இந்தப் பயனைத் தருவதில்லை. வாங்கிய பிறகு அதன்மேல் தடித்த படுக்கை விரிப்பையோ மெழுகுசீலையையோ போட்டு இறுக்கிக் கட்டினால் வாங்கியதன் பயன் போய்விடும். உரோமம் உடலில் படும்படி, அல்லது ஒரு மெல்லிய துணியை மாத்திரம் தளர்வாகப் போட்டுப் படுக்க வைக்க வேண்டும். இது இருக்கிறதே என்று அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். எந்த விரிப்பும் அந்த வேலைக்கு ஈடாகாது. குதிக்கால்களையும் மறவாமல் பாருங்கள், அங்கும் புண் விரைவில் வரும்.

குழந்தையைப் பற்றி உங்கள் மகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்: தூங்குவதற்கு வேண்டாம். குழந்தை முகம் கவிழ்ந்தால் மென்மையான உரோமத்துக்குள் மூக்கு புதையும்; திடீர்க் குழந்தை மரணத்தின் ஆபத்தைக் குறைப்பதற்கான வழிகாட்டல்களில், குழந்தையின் கீழே செம்மறித்தோல் போன்ற மென்மையான பொருட்களை இடக்கூடாது என்று தெளிவாகவே கூறப்பட்டிருக்கிறது. நான்கு மாதம் என்பது குழந்தை புரளத் தொடங்கும் பருவமும்கூட. விழித்திருக்கும்போது, ஒரு பெரியவர் பக்கத்திலேயே அமர்ந்திருக்கையில் சிறிது நேரம் கிடத்தி விளையாட்டுக் காட்டலாம்; கண் சொருகத் தொடங்கியதும் தூக்கிவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது தூசி ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் படுக்கையறையில் உரோமம் தேவைதானா என்பதையும் யோசியுங்கள்.

கல்கிசைக்கரை எழுதியது:

நானும் கல்கிசையில் கடலோரமாகத்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் நியூசிலாந்திலிருந்து வந்த ஒற்றைத் தோல் விரிப்பொன்று பல மழைக்காலங்களைக் கடந்து இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது. ஆகவே முடியும் என்றே சொல்வேன். ஆனால் அது தானாக நடக்கவில்லை.

இங்கே விரிப்புக்கு முதல் எதிரி மழையல்ல, நாம் தரை துடைக்கும் தண்ணீர். டைல்ஸைத் துடைத்தவுடன் தரை காய்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இடுக்குகளில் ஈரம் நிற்கும். அதன்மேல் விரிப்பைப் போட்டால் அந்த ஈரம் முழுவதும் தோலின் அடியில் அடைபடும். மேலே உரோமம் பஞ்சுபோல் இருக்க, அடியில் கைவைத்தால் குளிர்ச்சியாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். அந்த நிலையில் விட்டால் சில நாட்களில் மக்கிய மணம் வரும், பிறகு கரும்புள்ளிகள் தெரியும். எங்கள் வீட்டில் துடைப்பதற்கு முன் விரிப்பை எடுத்துக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, மின்விசிறியின் கீழ் தரை முற்றாகக் காய்ந்த பிறகே விரிப்போம். அடியில் துளைகள் கொண்ட வழுக்காத வலை விரிப்பு ஒன்றும் போட்டிருக்கிறோம். டைல்ஸில் தோல் வழுக்கும் என்பதால் முதியவர்கள் உள்ள வீட்டில் அது கட்டாயம் தேவை. உண்மையில் எங்களுக்குத் தரையைவிடப் பிரம்புக் கதிரையில் போடுவதுதான் வசதியாக இருந்தது. பிரம்புப் பின்னலின் வழியே அடிப்பக்கமும் காற்றுப் படுகிறது.

இரண்டாவது எதிரி பூச்சி. கம்பளி அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் உரோமத்தைத் தின்பவை. தின்பது பறக்கும் பூச்சியல்ல, அதன் புழு. கம்பள வண்டின் புழு பழுப்பு நிறத்தில், உடல் முழுவதும் மயிரோடு, அரிசி மணி அளவில் இருக்கும். அது கழற்றிவிட்ட மெல்லிய சட்டைகள் உரோமத்தின் அடியில் கிடப்பதைக் கண்டால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். இருட்டும் அசைவின்மையும் அவற்றுக்குப் பிடித்தவை. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தை முதலில் தின்னும். எனவே அடிக்கடி கையாளப்படும் விரிப்பு தப்பிக்கும். ஆசையாக மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தது அழியும். வாரத்துக்கு ஒருமுறை மாடத்துக்கு எடுத்துச் சென்று நன்றாக உதறி, நிழலில் காற்றாட விடுங்கள். உச்சி வெய்யிலில் நெடுநேரம் போட்டால் உரோமம் மஞ்சளாகும், தோல் விறைக்கும்.

புழு கண்டுவிட்டால் விரிப்பைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மறை 18 பாகை (−18 செல்சியசு) அளவிலான டீப் பிறீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த தோலில் நீராகப் படியும். வேப்பிலை, வசம்பு முதலியவற்றை வைப்பவர்கள் உண்டு. அவற்றின் மணம் பூச்சியை ஓரளவு விலக்கலாம். உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

முன்னாள்தாதி எழுதியது:

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பூச்சிக்குப் பயந்து நப்தலீன் உருண்டைகளைப் போட்டுவிடாதீர்கள். ஜி6பிடி நொதியக் குறைபாடுள்ள (செங்குருதிக் கலங்களைக் காக்கும் ஒரு நொதியம் பிறவியிலேயே குறைந்த) குழந்தைகளுக்கு அந்த ஆவியே செங்குருதிக் கலங்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையையும் இரத்தசோகையையும் உண்டாக்கக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல குடும்பங்களுக்கு முன்கூட்டியே தெரிவதில்லை.

பன்பாய் எழுதியது:

எல்லோரும் எப்படிப் பாதுகாப்பது என்றே எழுதுகிறீர்கள். வேண்டுமா என்ற கேள்வியையும் ஒருவர் கேட்க வேண்டும் அல்லவா? ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் இடையே நிற்கும் ஊரில், வெறும் டைல்ஸில் கால் வைப்பதே சுகம். கால் உறுத்தாமல் ஒரு விரிப்பு வேண்டுமென்றால் பன்பாயும் தும்பு விரிப்பும் இருக்கின்றன. பழுதானால் மனம் நோகாமல் மாற்றலாம். அம்மாவின் கட்டிலுக்கு வாங்குவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கூடத்தில் அழகுக்காகப் போடுவதற்கு இன்னொன்று தேவையில்லை என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்மறித்தோல் பெரும்பாலும் இறைச்சிக்காக அறுக்கப்படும் ஆடுகளிலிருந்து கிடைக்கும் உபபொருள் என்பது உண்மை. ஆயினும் மெரினோ ஆடுகளின் பின்புறத் தோல் மடிப்புகளை, ஈக்கள் முட்டையிடாதிருப்பதற்காக வெட்டியெடுக்கும் வழக்கம் அவுஸ்திரேலியாவில் இன்னும் இருக்கிறது. நியூசிலாந்து அதை 2018 இல் தடைசெய்துவிட்டது. எங்கே, எப்படி வளர்க்கப்பட்ட ஆடு என்று கேட்டு வாங்குவது நம் கடமை. உங்கள் அம்மா சைவமானால் அவருடைய விருப்பத்தையும் முதலில் கேளுங்கள். கம்பளி ஆசனத்தில் அமர்ந்து பூசை செய்பவர்கள்கூடத் தோலோடு கூடிய விரிப்பை ஏற்க மறுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மன்னார்த்தம்பி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. ஊரில் எங்கள் உறவினர் ஆடு வளர்க்கிறார்கள். வெளிநாட்டுத் தோலுக்குச் செலவழிப்பதற்குப் பதிலாக, ஊர்ச் செம்மறியின் தோலை உப்புப் போட்டுக் காயவைத்து விரிப்பாக்க முடியாதா?

பதனிடும்தொழில் எழுதியது:

தம்பி, உப்பிட்டுக் காயவைப்பது பதனிடுவதாகாது. பதனிடும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை தோல் அழுகாமல் காப்பதற்கு மட்டுமே அது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரியில் உப்புச் சாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு தோலிலும் நடக்கும். வெய்யில் நாளில் பலகைபோல் இருந்த தோல் மழை நாளில் நனைந்து நாறும். மேலும் நம் வடபகுதிச் செம்மறிகள் வெப்பத்துக்கு ஏற்றவை. அவற்றின் மேல் இருப்பது குட்டையான, முரட்டு மயிர். விரிப்புக்கு வேண்டிய அடர்ந்த கம்பளி மெரினோ போன்ற கம்பளி இனங்களில்தான் கிடைக்கும். ஊர்த்தோலை மயிர் நீக்கிப் பதனிட்டால் நல்ல மென்தோலாகும்.

வெள்ளவத்தைவாசி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய எல்லோருக்கும் என் நன்றி. தாதியார் சொன்னபடி அழுத்திப் பார்த்தேன். வெளிறிப் பிறகு சிவக்கிறது. இருந்தாலும் நாளை வைத்தியரிடம் காட்டவிருக்கிறோம். அம்மாவிடமும் கேட்டேன். தன் படுக்கைக்கு மருந்தாக என்றால் சரி, சுவாமி அறைப் பக்கம் மட்டும் கொண்டுவரக் கூடாது என்றார். ஆகவே மருத்துவ வகையில் ஒன்றும், மாற்றித் துவைப்பதற்காக அதே வகையில் இன்னொன்றும் வாங்கும்படி தங்கைக்கு எழுதிவிட்டேன். கூடத்துக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். துவைப்பதைப் பற்றி மாத்திரம் ஒருமுறை தெளிவாகச் சொல்ல முடியுமா? இங்கு கடைகளில் கிடைக்கும் சலவைத்தூள் போதுமா?

பதனிடும்தொழில் எழுதியது:

சாதாரண சலவைத்தூள் வேண்டாம் சகோதரி. கறையைப் போக்குவதற்காக அவற்றில் பலவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். உரோமமும் புரதம், தோலும் புரதம் என்பதால் அவை கறையோடு விரிப்பையும் தின்னும். வெளிற்றும் திரவமும் அப்படித்தான். கம்பளிக்கென விற்கப்படும், நொதியம் சேராத திரவச் சவர்க்காரத்தைத் தங்கையிடமே ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்லுங்கள். தண்ணீரின் சூடு முகப்புச்சீட்டில் எழுதியிருப்பதைத் தாண்டக் கூடாது. மருத்துவ வகை மற்றவற்றைவிட அதிக சூட்டைத் தாங்கும், ஆனால் உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் போடுவதற்கு முன்னும் சீட்டைப் பாருங்கள்.

அலசிய பின் முறுக்கிப் பிழியாமல், இயந்திரத்தின் சுழற்சியில் நீரை வடித்துவிட்டு, எல்லாப் பக்கமும் மெதுவாக இழுத்துச் சரிசெய்து, நிழலில் மின்விசிறியின் கீழ் ஒரு கம்பி வலைத்தட்டின் மேல் தட்டையாகக் காயப்போடுங்கள். மழை நாளானால் குளிரூட்டி உள்ள அறையில் போடுங்கள். அங்கே காற்று வறண்டிருக்கும். முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது, தோற்பக்கத்தைக் கைகளால் மீண்டும் ஒருமுறை இழுத்து நெகிழச் செய்தால் விறைக்காது. அந்த நேரத்திலேயே கம்பிப் பற்கள் கொண்ட தூரிகையால் உரோமத்தை வாரிவிட்டால் திரண்ட இடங்கள் பிரிந்துவிடும். இடையிடையே தூசியெடுக்கத் தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தலாம். ஆனால் சுழலும் தூரிகை பொருத்திய முகப்பைக் கழற்றிவிடுங்கள். அது உரோமத்தைச் சுற்றிப் பிடித்து வேரோடு பறித்துவிடும்.